பாலத்தில் அடித்த ஆணி

ஊருக்கெல்லாம் டைல்ஸ் போட்டுக் கொடுக்கிறவன் வீட்டில் தரை எழும்பிவிட்டது. எங்கள் தெருவின் வாய்க்கு அந்த வருஷம் வேறு தீனி தேவைப்படவில்லை.

அவனுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ரசமட்டம். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிக் குழலுக்குள் குமிழி ஓடுகிற ஒரு கட்டை வைத்திருப்பார்களே, அதன் பெயர். அது இல்லாமல் அவன் வெளியே கிளம்பி நான் பார்த்ததில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் முதலில் அதை மேசைமேல் வைப்பான். குமிழி நடுவில் நிற்கவில்லை என்றால் காகிதத்தை மடித்து மேசைக் காலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் டீ சொல்வான். ஒரு தடவை பல் டாக்டரின் நாற்காலியிலும் வைத்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

நான் எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அந்த வீட்டில் நடந்ததில் பாதி என் கண்ணில் பட்டது. மீதியை அந்த வீட்டு மூன்று பேரும் தனித்தனியாக என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார்கள். பஞ்சர் ஒட்டுகிறவனிடம் ஏனோ எல்லாரும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அவன் தலை குனிந்து இருப்பதால் இருக்கலாம்.

மூன்று பேர் என்றால் ரசமட்டம், அவன் மனைவி, அவனுடைய அக்கா. அக்கா தையல்காரர். தம்பியை வளர்த்து ஆளாக்கி, கல்யாணமும் செய்துவைத்துவிட்டு, தனக்கென்று கூடத்து மூலையில் ஒரு கட்டிலையும் ஒரு தையல் மெஷினையும் மட்டும் வைத்துக்கொண்டவர். சுற்றிலும் ஒரு பச்சைத் திரை. துணி கொடுக்க வருகிறவர்கள் திரைக்கு வெளியே நின்று அளவு சொல்வார்கள். அந்த வயதுவரை கதவு வைத்த அறை ஒன்று அவருக்கு வாய்த்ததே இல்லை. அதனால்தான் தம்பி வீட்டை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்டினான். எழும்பியது அந்த அறையின் தரைதான்.

டைல்ஸ் போட்டு முடித்ததும் விரல் முட்டியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பது அவன் தொழிலில் கடைசி வேலை. அடியில் சாந்து நிறைந்திருந்தால் கெட்டியான சத்தம் வரும். எங்காவது இடைவெளி இருந்தால் காலி டப்பாவைத் தட்டியது போல் கேட்கும். அக்கா அறையை அவன் தட்டி, காது வைத்து, திருப்தியாகத்தான் எழுந்தான். இரண்டு மாதம் கழித்து நடு டைல்ஸ் இரண்டு கூடாரம் போல நிமிர்ந்து நின்றன.

பெயர்த்தான், மறுபடி போட்டான். மறுபடி எழும்பியது. சிமெண்டை மாற்றினான், மணலைச் சலித்தான், இடுக்கு விட்டுப் போட்டான். தரை அவனோடு வீம்புக்கு நின்றது.

"என்ன தம்பி, உன் தரை கால் தட்டிவிடுதாமே" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"ஊருக்குப் போட்டப்ப சாந்து போட்டான். அக்காவுக்குப் போட்டப்ப பாசத்தைப் போட்டான். அது பிடிக்கல போல" என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அவன் சிரிக்கவில்லை. டீ கிளாசை வைத்துவிட்டு, தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு அன்றைக்குச் சிரித்தது இன்றும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அண்ணே, இன்னும் ஒரே தடவை போடப்போறேன். அதுவும் எழும்பிச்சுன்னா இந்தத் தொழிலே வேண்டாம். குடோன்ல வாட்ச்மேன் வேலைக்குக் கேட்டிருக்காங்க, போயிடுவேன்."

"ஒரு ரூமுக்காகவா?"

"என் வீட்டுத் தரையே நிக்கலைன்னா அடுத்தவன் வீட்டுல எந்த மூஞ்சியோட போய் மண்டி போடறது?"

அவன் மனைவிக்கு வரைபட அலுவலகத்தில் வேலை. தெருவில் அவளை மேப்பம்மா என்போம். அந்தக் காலத்தில் நிலம் அளந்தவர்கள் சங்கிலியும் முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியுமாக ஊர் ஊராக நடந்து, மலை, ஓடை, கிணறு, ஒற்றை மரம் வரைக்கும் கையாலேயே வரைந்த தாள்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அகலம், துணியில் ஒட்டியது. அவற்றைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, இன்றைக்கு வானத்திலிருந்து எடுத்த படத்தின்மேல் பொருத்துவது அவள் வேலை. பழைய தண்ணீர் எங்கே ஓடியது என்று தெரிந்தால்தான் புதிய கால்வாயை எங்கே வெட்டுவது, எங்கே வீடு கட்ட விடக்கூடாது என்று முடிவு செய்ய முடியுமாம். ரோடு போடுகிறவர்கள் கேட்டு வருவார்கள், கிணறு வெட்டுகிறவர்கள் வருவார்கள், நிலச்சரிவு பற்றிப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள்.

அந்தத் தாள்களைப் பற்றிப் பேசினால் அவளுக்கு முகமே வேறாகிவிடும்.

"மலைச்சரிவை முடி முடியா கோடு போட்டுக் காட்டியிருப்பாங்கண்ணே. எறும்பு முடி இருந்தா அப்படி இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுட்டு அதைப் பார்த்துக்கிட்டே இருந்தா நான் எங்க இருக்கேன்னே மறந்துபோகும். தோப்புக்குள்ள நுழைவேன், ஓடையில கால் நனைப்பேன். நம்ம தெருவே இருக்காது அதுல. உங்க கடைக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு மரம் நிக்கும். அதுக்கு நிழல் வேற வரைஞ்சிருப்பாரு அந்த மனுஷன். நிழல் எதுக்கு சொல்லுங்க? யாரு கேட்டா?"

சில நாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வரும்போது அப்படித்தான் வருவாள், பாதி ஆள் இன்னும் அந்தத் தோப்பில் இருப்பது போல. தெருவில் இல்லாத ஓடையைத் தாண்டுகிறவள் மாதிரி என் கடை முன்னால் காலைக் கொஞ்சம் எட்டி வைப்பாள். மாடியில் காயும் துணிகளுக்கு அடியில், குழாயடியில் நிற்கிற குடங்களுக்கு அடியில், அந்த இன்னொரு ஊர் நீலமும் பழுப்புமாகத் தூங்கிக்கொண்டிருப்பது அவளுக்கு மட்டும் தெரியும். எனக்கும் நாளாக நாளாக அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. ரிம்மைச் சுற்றிக்கொண்டே, இந்த இடத்தில் என்ன மரம் நின்றிருக்கும் என்று யோசிப்பேன்.

தாளைப் படத்தோடு பொருத்துவதற்கு அவர்கள் ஆணி அடிப்பது என்று சொல்வார்கள். உண்மையான ஆணி இல்லை. அன்றைக்கும் இருந்து இன்றைக்கும் இருக்கிற இடங்களாகப் பொறுக்கவேண்டும். ரயில் நிலையம், மணிக்கூண்டு, மலை உச்சிக் கல். தாளில் இருக்கும் மணிக்கூண்டைப் படத்தில் இருக்கும் மணிக்கூண்டின் மேல் வைத்து ஒரு புள்ளி குத்தினால் அந்த இடம் பிறகு நகராது. இப்படிப் பல இடத்தில் குத்தக் குத்த, தாள் இழுபட்டுச் சுருக்கம் போய்ப் படத்தின்மேல் உட்காரும். எங்கள் தெரு இருக்கும் மூலையில் அப்படிப் பழைய இடம் ஒன்றுதான் கிடைத்தது. ஆற்றுப் பாலம். கருங்கல் பாலம், பார்த்தாலே வயது தெரியும். அவள் அதில் ஆணி அடித்தாள்.

அந்த மூலை மட்டும் சரியாக உட்காரவில்லை. மலையடிவாரக் கோடு கொஞ்சம் தள்ளிப் போயிற்று. மேலாளர் ஏன் என்று கேட்டார்.

"வரைஞ்சவருக்கு அன்னிக்குக் கை நடுங்கியிருக்கும் சார். நாள் முழுக்க வெயில்ல நின்னிருப்பாரு" என்று சொல்லிவிட்டாள். அவரும் சரி என்று விட்டுவிட்டார்.

அக்காவுக்கு அறை கட்ட இடம் பார்த்தபோது இந்தத் தாளைத்தான் அவள் அச்சடித்துக் கொண்டுவந்தாள். மூன்று பேரும் மனையில் நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற அக்கா சொன்னார்:

"இங்க உள்ளங்கால் சில்லுனு இருக்கேம்மா."

"நிழல்ல நிக்கறீங்க அண்ணி. ஊத்து ஒண்ணு இருந்திருக்கு, ஆனா அது நம்ம மனையில இல்ல. அதோ, அடுத்த காலி மனையில. பாருங்க, நீலமா போட்டிருக்கு."

படித்த பெண் சொல்கிறாள், தாளும் சொல்கிறது. அந்த இடத்திலேயே கட்டினார்கள்.

கடைசித் தடவையாக அவன் தரை போட்டபோது நான் போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு டைல்ஸையும் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, குழந்தையைப் படுக்கவைப்பது போல வைத்தான். அக்கா மெஷினை உள்ளே கொண்டுவர அவசரப்படவில்லை. கதவை மட்டும் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளுக்குத் தன் கையாலேயே எண்ணெய் போட்டார்.

மழை இன்னும் தொடங்கவில்லை. மலைமேல் மட்டும் மேகம் நின்றுகொண்டிருந்த ஒரு காலை, அந்த அறையிலிருந்து சட்டென்று ஒரு சத்தம் கேட்டது. தட்டு உடைந்த மாதிரி. எதிரே என் கடை வரைக்கும் கேட்டது என்றால் பாருங்கள். நான் ஓடிப்போனபோது மூவரும் வாசற்படியில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரசமட்டம் சாந்துக் கரண்டியையும் ரப்பர் சுத்தியலையும் கழுவித் துடைத்துப் பையில் போட்டு, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"அடுத்த மாசத்துலேருந்து குடோனுக்குப் போறேன்" என்றான்.

அக்கா திரைக்குள் போய் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். ஊசியில் நூல் இல்லை. வெறும் மெஷின்தான் ஓடியது.

குடோன் வேலை தொடங்கும்வரை சும்மா இருக்க அவனால் முடியவில்லை. ஆற்றுப் பாலத்தில் கல் இடுக்குகளுக்குப் பூச்சு போட ஆள் தேடினார்கள், போனான். தரை வேலை இல்லையே, கைக்கு அவ்வளவு அவமானம் இல்லை என்று நினைத்திருப்பான். சாரத்தில் தொங்கிக்கொண்டு பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிது வைக்கவேண்டும். கீழே ஆறு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். இரண்டு நாள் அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது தானாகவே பேச்செடுத்தான். அவன் பேசியே பல நாள் ஆகியிருந்ததால் அக்கா அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தார்.

"அந்தப் பாலம் கட்டினவன் என்னைவிட மோசமான ஆளு போல."

"ஏன் தம்பி?"

"கல்லுக்குக் கல்லு வரிசை எண் கொத்தியிருக்கு அக்கா. அது வரிசையா வரணும். எங்க பாரு, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒம்பது. சிலது தலைகீழா நிக்குது. வழவழன்னு தேஞ்ச பக்கம் உள்ள போய் ஒளிஞ்சிருக்கு, கரடு வெளிய இருக்கு."

அக்கா சிரித்தார். "குடிச்சிட்டுக் கட்டியிருப்பானோ?"

"இல்லக்கா. யோசிச்சுப் பார்த்தேன். இது முதல் தடவை கட்டின பாலம் இல்ல. வேற எங்கயோ நின்ன பாலத்தைப் பிரிச்சு, அந்தக் கல்லையே மறுபடி அடுக்கியிருக்காங்க. எண்ணெல்லாம் எவன் பார்த்தான்."

மேப்பம்மாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"வேற எங்கயோன்னா, எங்கங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? கல்லைத் தூக்கிக்கிட்டு ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டாங்க."

அவள் அதற்குமேல் சாப்பிடவில்லை. பசியில்லை என்று எழுந்து கை கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அவள் கையில் சுருட்டிய தாள், அவன் கையில் பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆற்றின்மேல் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. அக்கரை மரங்கள் இருக்கின்றனவா இல்லையா என்று சொல்லமுடியாத மாதிரி நின்றன. அவளுக்குத் தான் தாளுக்குள்தான் நடக்கிறோமோ என்று சந்தேகம் வந்ததாம். இன்னும் நாலு அடி போனால் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு அந்த மனிதர் நிற்பார், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பார் என்று தோன்றியதாம்.

பாலத்திலிருந்து மேல்பக்கமாகக் கரையோடு நடந்தார்கள். ஐம்பது அறுபது அடி தாண்டியதும் நாணல் புதர். அவன் கரண்டியால் விலக்கினான். உள்ளே இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் தூண், மேல்பக்கம் உடைந்து, பாசி பிடித்து. எதிர்க்கரையில் அதற்கு நேராக இன்னொன்று.

அவன் கரண்டிக் காம்பால் தட்டினான். கெட்டியான சத்தம் வந்தது.

"இது ஒழுங்கான வேலை. ஆத்து வெள்ளம்தான் இதை உடைச்சிருக்கணும், தானா விழல."

அவள் தாளை விரித்துக் கல்லின்மேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, அவரு வரைஞ்ச பாலம் இதுதான். நான் கீழ இருக்கற அந்தப் பாலத்துல ஆணி அடிச்சிருக்கேன்."

"சரி. அதனால?"

"நம்ம தெரு இருக்கற மூலை மொத்தமும் கீழ்ப்பக்கமா இழுத்துக்கிட்டு வந்திருச்சு. அவரு கை நடுங்கல. நான்தான் இழுத்தேன்."

"புரியற மாதிரி சொல்லும்மா."

"ஊத்து காலி மனையில இல்லைங்க."

"பின்ன?"

"அண்ணி ரூமுக்கு அடியில."

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு தன் வலது கையைப் பார்த்தான்.

"அப்படின்னா கீழேருந்து தண்ணி தள்ளுதா?"

"ஆமாங்க. யாரு போட்டாலும் அந்தத் தரை எழும்பும். உங்க கையில ஒண்ணும் இல்ல. தப்பு என் கையில."

அவன் அந்தத் தூண்மேல் உட்கார்ந்து அழுதான். வாய்விட்டு அழவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. தன் கை தனக்குத் திரும்பக் கிடைத்த சந்தோஷம் அது. அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் அது வேறு அழுகை. அவன் சந்தோஷப்படவேண்டுமென்றால் அவள் தப்பு செய்திருக்கவேண்டும். இரண்டும் ஒரே தாளில் இருந்தன.

"வெயில்ல நின்னு ஒழுங்கா வேலை செஞ்ச ஒரு மனுஷன் மேல, கை நடுங்குச்சுன்னு பழி போட்டுட்டேங்க. தெருவே உங்களைச் சொன்ன மாதிரி."

"அவருக்குக் காதுல விழுந்திருக்காது. விடு."

"விடறதா? அந்தத் தாளை வச்சுத்தான் மழைக்கு முன்னாடி கால்வாய் வெட்டப்போறாங்க. காலி மனை வழியா வெட்டுவாங்க. நான் பேசாம இருந்தா யாருக்கும் தெரியாது. பாலத்துக் கல்லை உங்களைத் தவிர யாரும் கவனிக்கல. சொன்னா, நம்ம வீட்டு வழியா கால்வாய் வரும். ரூம் போயிடும். அண்ணிக்கு மறுபடியும் அந்தத் திரைதான். ஆபீஸ்ல என் பேரும் போயிடும்."

"சொல்லலைன்னா தண்ணி எங்க போகும்?"

"போற இடத்துக்குத்தான் போகும். பெரிய மழை வந்தா நம்ம தரையோட நிக்காது, கீழ இருக்கற நாலு வீட்டுச் சுவரும் ஊறும்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அந்தத் தரையை நான் எத்தனை தடவை பேத்துப் போட்டேன்? தெருவே பார்த்துச் சிரிச்சுது. நீ ஒரே ஒரு தடவை பேத்துப் போடு. கம்ப்யூட்டர்தானே, முட்டிகூட வலிக்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்வது யார் என்று இருவரும் வாசலில் நின்று முழித்தார்கள். கடைசியில் அவள்தான் சொன்னாள், திரைக்கு வெளியே நின்று, அளவு கொடுக்க வந்தவள் போல. மெஷின் நின்றது. திரை விலகியது.

"நான் அன்னிக்கே சொன்னேன், உள்ளங்கால் சில்லுனு இருக்குன்னு. நிழல்ல நிக்கறீங்கன்னு சொன்னது யாரு?"

"நான்தான் அண்ணி."

"நிழலாம் நிழல்." அக்கா நூலைப் பல்லால் கடித்தார். "தம்பி, அந்தப் பையை எடு. ஊத்து இருக்கா இல்லையான்னு பார்த்துடலாம். தாளு ஒரு தடவை சொன்னதை நம்பி நான் ஒரு வருஷம் கதவைத் திறந்து மூடியிருக்கேன்."

அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தான். நடு டைல்ஸைப் பெயர்த்து, சாந்தை உடைத்து, மண்ணை ஒரு முழம் தோண்டினான். என்னையும் கூப்பிட்டார்கள், கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். முதலில் ஈரம்தான் தெரிந்தது. பிறகு மண் கறுத்தது. பிறகு யாரும் எதுவும் செய்யாமலேயே குழிக்குள் தண்ணீர் வந்து நின்றது. அவ்வளவு தெளிந்த தண்ணீர். அவசரமே இல்லாமல் மேலேறியது. கூரை ஓரம் அதில் தெரிந்தது, குனிந்து நின்ற எங்கள் நாலு முகமும் தெரிந்தது.

அக்கா குனிந்து கையை நனைத்து முகத்தில் தடவிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "உன் கைக்கு ஒண்ணும் இல்லடா" என்றார். அறை போகிறதே என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைத்தான் மேப்பம்மாவால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, நீங்க எங்க ரூமை எடுத்துக்கோங்க. நாங்க கூடத்துல படுத்துக்கறோம். திரை இருக்கே."

"சின்னஞ்சிறுசுங்க திரைக்குப் பின்னாடியா? போம்மா."

"கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு அண்ணி. நாங்க இன்னும் சின்னஞ்சிறுசா?"

அக்கா திரும்பி அவர்கள் அறைக் கதவைப் பார்த்தார். "தாழ்ப்பாள் சரியா இருக்கா அதுல?" என்று கேட்டார். எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று தம்பி சொன்னான்.

மறுநாள் அவள் மேலாளரிடம் போய் நின்று சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், தாளைப் பார்த்தார்.

"முடிஞ்ச தாள்மா இது. இதைப் பிரிக்கணுமா?"

"பிரிக்கணும் சார். அவரு சரியாத்தான் வரைஞ்சிருக்காரு."

"உங்க வீடே நீலத்துக்குள்ள வருதே."

"ஆமா சார்."

பாலத்தில் அடித்த ஆணியைப் பிடுங்கி, நாணல் புதருக்குள் நின்ற தூணில் அடித்தாள். கம்ப்யூட்டர் திரையில் எங்கள் மூலை மெல்ல மேல்பக்கமாக நகர்ந்ததாம். தோப்பு நகர்ந்தது, ஓடை நகர்ந்தது, நிழல் வைத்த அந்த மரம் நகர்ந்து வந்து என் சைக்கிள் கடைமேல் நின்றது. மலையடிவாரக் கோடு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தது. ஊரே தூக்கத்தில் ஒரு தடவை புரண்டு படுத்த மாதிரி இருந்தது என்று சொன்னாள்.

அறையை இடித்தார்கள். கால்வாய் அவர்கள் வீட்டு ஓரமாக வந்தது. பெரிய மழையும் வந்தது, தண்ணீர் தன்பாட்டுக்கு ஆற்றுக்குப் போயிற்று. கீழ்வீட்டுக்காரர்கள் எதுவும் நடக்காததைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அது இயற்கைதான். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு தைக்கிறார். துணி கொடுக்க வருகிறவர்கள் இப்போது கதவைத் தட்டவேண்டும். ரசமட்டம் குடோனுக்குப் போகவில்லை.

மழை விட்ட பிறகு ஒரு நாள், திருத்திய தாளைப் பெரிதாக அச்சடித்து அலுவலக நீள மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். அவளைக் கூட்டிவரப் போனவன் என்னையும் அழைத்துப் போயிருந்தான். கீழே போட்டோ, மேலே பழைய தாளின் கோடுகள். எங்கள் தெரு, அதற்குள்ளே நீலப் புள்ளி, அதற்குப் பக்கத்தில் என் கடையும் மரமும். அவள் ஒதுங்கி நின்றாள். அந்தத் தாளைப் பற்றி அலுவலகத்தில் கிண்டல் இன்னும் ஓயவில்லை என்று எனக்குத் தெரியும். யாராவது ஆணி கேட்டால் அவளைக் கைகாட்டுவார்களாம்.

அவன் பின்பாக்கெட்டிலிருந்து ரசமட்டக் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்துக் குமிழியைப் பார்த்தான். திருப்தி. பிறகு குனிந்து, தாளின் ஒரு ஓரத்திலிருந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தான். மலை, தோப்பு, ஓடை, பாலம், பழைய தூண், எங்கள் தெரு. ஒவ்வொரு இடத்திலும் தட்டிவிட்டுக் காதை வைத்தான். அலுவலகத்தில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நீலப் புள்ளியின் மேல் இரண்டு தடவை தட்டினான்.

நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சொன்னான்:

"எங்கயும் காலிச் சத்தம் இல்லம்மா. நல்லா உக்காந்திருக்கு."